கிரேவி என்னும் நாய் சுட்டது தொடர்பாக

கிரிக்ஸ்பி மாவட்டத்தில் துப்பாக்கியால் யாரும் யாரையும் சுடுவதில்லை. இது கருத்தன்று, புள்ளிவிவரம். கருத்தாக இருந்தால் ஒருவர் ஒப்புக்கொள்ளலாம், இன்னொருவர் மறுக்கலாம், மூன்றாமவர் கோபித்துக்கொண்டு துப்பாக்கியை எடுக்கலாம். புள்ளிவிவரத்தோடு அப்படியெல்லாம் விளையாட முடியாது. ஆண்டு முடிவில் மாவட்டப் புள்ளிவிவர அலுவலர் கார்வின் டில், 'துப்பாக்கிச் சம்பவங்கள்' என்ற கட்டத்துக்குள் ஒரு பூஜ்யம் இட்டு, உருண்டையாக வந்திருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மாநிலத் தலைநகருக்கு அனுப்பிவைப்பார்.

அந்தப் பூஜ்யம் சும்மா வந்துவிடவில்லை. அதற்குப் பின்னால் ஓர் அலுவலரின் வாழ்நாள் உழைப்பு இருந்தது. துப்பாக்கிச் சம்பவம் என்றால் என்ன என்று முதலில் வரையறுக்க வேண்டும் அல்லவா? 'ஒருவர் இன்னொருவரைச் சுடுதல்' என்று கார்வின் முதலில் வரையறுத்தார். துப்பாக்கியைத் துடைக்கும்போது தம் காலைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள் அத்தோடு விலகிக்கொண்டார்கள். அடுத்து 'வேண்டுமென்றே' என்ற சொல்லைச் சேர்த்தார். பக்கத்து வீட்டுக்காரரை வான்கோழி என்று நினைத்தவர்கள் போனார்கள். அதன் பிறகும் எண்ணிக்கை அடம்பிடிக்கவே, 'அறிமுகமில்லாத இன்னொருவரை' என்று திருத்தினார். கிரிக்ஸ்பியில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். எண்ணிக்கை அன்றே படுத்துவிட்டது.

ஒரே ஒரு தடவைதான் சிக்கல் வந்தது. பெட்ரோல் பங்க் வாசலில் வண்டியை யார் நிறுத்துவது என்ற வாக்குவாதத்தில், வெளியூர்க்காரர் ஒருவர் வேய்ன் ஸ்ட்ராட்டன் என்பவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார். ஆளுக்கு ஆள் அறிமுகமில்லை, வேண்டுமென்றே சுட்டது, எல்லாம் பொருந்தியது. கார்வின் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு அதை 'வாகன நிறுத்தம்' என்ற கட்டத்தில் சேர்த்தார். மாவட்டத்தில் வாகன நிறுத்தப் பிரச்சினை கவலை தரும் அளவுக்கு உயர்ந்துவருவதாக அறிக்கையில் எச்சரித்தார். பங்க் வாசலில் உடனடியாக மஞ்சள் கோடு போடப்பட்டது.

மாவட்ட எல்லையில், நெடுஞ்சாலை ஓரத்தில், வரவேற்புப் பலகை ஒன்று நிற்கிறது. 'மாநிலத்தின் மிக அமைதியான மாவட்டம்' என்று அதில் எழுதியிருக்கிறது. படிக்க முடிந்த எழுத்துகளை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் இருக்க வேண்டும். மற்ற எழுத்துகள் இருந்த இடத்தில் ஓட்டைகள். வேட்டைக்குப் போய் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் அந்தப் பலகைமேல் குறிபார்த்துவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம். ஆவணங்களின்படி ஓட்டைகளுக்குக் காரணம் ஆலங்கட்டி மழை. இந்தப் பக்கத்து ஆலங்கட்டி கிடைமட்டமாக வரும். பெரும்பாலும் சனிக்கிழமை சாயங்காலங்களில் வரும்.

இப்படி அமைதி தழைத்த மாவட்டத்தில்தான் டெல்மர் ஹக்கின்ஸை அவருடைய நாய் சுட்டது.

டெல்மர் விதையும் மாட்டுத்தீவனமும் விற்பவர். கிரிக்ஸ்பி துப்பாக்கி உரிமைச் சங்கத்தின் தலைவர். அவருடைய பிக்கப் வண்டியின் பின்கதவில், 'துப்பாக்கி தானாகச் சுடாது. சுடுபவர்தான் சுடுகிறார்' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும். எந்த மேடை ஏறினாலும் அதைச் சொல்வார். வேய்ன் இறந்தபோது பத்திரிகைக்காரர்களிடமும் அதைத்தான் சொன்னார். அதில் அவருக்குச் சந்தேகம் வந்ததே இல்லை, வாத்து வேட்டைப் பருவத்தின் முதல் நாள் காலை வரை.

அன்று ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தி, தோட்டா போட்ட துப்பாக்கியைப் பின்தட்டில் வைத்தார். பக்கத்தில் பன்றிக்கறி சாண்ட்விச்சை வைத்தார். பிறகு திரும்பி நின்று, குனிந்து, ரப்பர் பூட்ஸை மாட்டத் தொடங்கினார். கிரேவி என்பது அவருடைய லாப்ரடார் நாய். தடித்த, பழுப்பு நிறமான, உலகத்தில் எல்லோரையும் நேசிக்கிற பிராணி. அது பின்தட்டில் தாவி ஏறியது. ஏறியதன் நோக்கம் சாண்ட்விச். முன்னங்கால் பட்ட இடம் விசை.

ஆஸ்பத்திரியில் டெல்மர் குப்புறப் படுத்திருந்தார். நர்ஸ் ஒருத்தி இடுக்கியால் ரவைகளை ஒவ்வொன்றாக எடுத்து எஃகுக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். துப்பாக்கிக் காயம் என்றால் ஷெரீப்புக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. ஷெரீப் வான்டா ப்ரிட்சர்ட் வந்து, தலைமாட்டில் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"யார் சுட்டது, டெல்மர்?"

"யாரும் சுடல, வான்டா. வெடிச்சிருச்சு."

வான்டா பேனாவை நிறுத்தினார். "தானாவா?"

டெல்மர் தலையணையிலிருந்து முகத்தைத் தூக்கினார். "தானா எப்படி வெடிக்கும்?" என்றார். பழக்கதோஷம்.

"அப்ப யாரோ சுட்டிருக்காங்க."

"கிரேவி கால வச்சிருச்சு."

"எதுமேல?"

"விசைமேல."

"சரி. சுட்டது கிரேவி." எழுதிக்கொண்டார்.

"சுட்டுச்சுன்னு சொல்ல முடியாதும்மா. அதுபாட்டுக்கு சாண்ட்விச்சப் பார்த்துட்டு—"

"டெல்மர், உன் வண்டி பின்னாடி என்ன எழுதியிருக்கு?"

டெல்மர் முகத்தைத் தலையணைக்குள் திரும்பப் புதைத்துக்கொண்டார். கிண்ணத்தில் ஒரு ரவை 'டங்' என்று விழுந்தது.

"எங்க பிரார்த்தனையெல்லாம் உன்கூட இருக்கு," என்று சொல்லிவிட்டு வான்டா எழுந்தார். காயம்பட்ட யாரிடமும் மாவட்ட அதிகாரிகள் அப்படிச் சொல்வது மரபு. மரத்துப்போகும் ஊசி தீர்ந்துபோனாலும் பிரார்த்தனை தீர்ந்துபோனதில்லை.

செய்தி கேட்டுக் கார்வின் டில் ஆஸ்பத்திரிக்கே ஓடிவந்தார். ஓடிவரக் காரணம் இருந்தது. அமைதியான மாவட்டம் என்ற மாநில விருது அந்த வருடம் கிரிக்ஸ்பிக்கு என்று முடிவாகியிருந்தது. பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதியதை நட ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதில், தூரத்திலிருந்தே தெரியும்படி, ஆள் உயரத்துக்கு ஒரு பூஜ்யம்.

"திரு. ஹக்கின்ஸ், உங்க வலி எனக்குப் புரியுது," என்றார் கார்வின். "இப்ப கேள்வி என்னன்னா, இது துப்பாக்கிச் சம்பவமா, விலங்குத் தாக்குதலா?"

"எதுவா இருந்தா உங்களுக்குத் தேவல?"

"நான் யார் சொல்ல? நீங்கதான் சொல்லணும். துப்பாக்கிதான் காரணம்னு நீங்க நினைச்சா தாராளமா சொல்லலாம். முதல் கட்டத்துல போட்டுர்றேன்." கார்வின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சங்கத் தலைவரே அப்படிச் சொல்றாருன்னு அடிக்குறிப்பும் போட்டுர்றேன்."

"துப்பாக்கி என்ன பண்ணும்?" என்றார் டெல்மர்.

"அதான் நானும் நினைச்சேன். விலங்குக் கட்டத்துல நிறைய இடம் இருக்கு. போன வருஷம் ஒரு வாத்து கடிச்சது மட்டும்தான்." எழுதி முடித்தார். பிறகு அனுதாபத்தோடு தொண்டையைச் செருமினார். "அப்புறம், விலங்குக் கட்டத்துக்கு ஒரு உபவிதி உண்டு. மனிதருக்கு இரத்தக் காயம் விளைவித்த விலங்கு, பொது விசாரணைக்குப் பின், கருணையுடன் அப்புறப்படுத்தப்படும்."

டெல்மரின் மனைவி பெர்னடீன் அதுவரை ஜன்னலோரம் பேசாமல் நின்றிருந்தாள். "கருணையுடன்னா?"

"ஊசி போட்டு, மேடம்."

"யாருக்கு?"

கார்வின் பதில் சொல்வதற்கு முன்பாக அவளே புரிந்துகொண்டாள். கணவனுடைய பின்புறத்தையும் கார்வினையும் மாறிமாறிப் பார்த்தாள். எதற்கு ஊசி போட்டால் நல்லது என்று அவள் நினைத்தாள் என்பது முகத்திலேயே தெரிந்தது.

கிரேவியை மாவட்டப் பிராணிகள் காப்பகத்தில் கொண்டுபோய் வைத்தார்கள். விசாரணை வெள்ளிக்கிழமை, பள்ளிக்கூடத்து உள்விளையாட்டு அரங்கத்தில்.

டெல்மர் வீட்டுக்கு வந்து சோபாவில் குப்புற விழுந்தார். சங்கத்து ஆட்கள் அன்று மாலையே வந்துவிட்டார்கள். முன்னால் வந்தவர் துணைத் தலைவர் ராய்ஸ் பெக்கம், பழைய டிரக் வியாபாரி. நீதிமன்றத் தொடர்கள் ஒன்றுவிடாமல் பார்த்ததால் சட்டம் தெரிந்தவர்.

"நடந்தது ரொம்ப வருத்தம்," என்றார் ராய்ஸ். "ஆனா பிரச்சினை எங்கன்னு பாக்கணும். ஆயுதத்தோட அங்க ஒரே ஒரு நாய்தான் இருந்துச்சு. பக்கத்துல இன்னொரு நல்ல நாய், கையில துப்பாக்கியோட இருந்திருந்தா—"

"கால்ல," என்றார் பின்னாலிருந்து ஒருவர்.

"கால்ல துப்பாக்கியோட இருந்திருந்தா, இது நடந்திருக்குமா?"

எல்லோரும் யோசித்துப் பார்த்து, நடந்திருக்காது என்றார்கள்.

"மனநலமும் ஒரு காரணமா இருக்கலாம்," என்றார் இன்னொருவர். "கிரேவி டிவி பார்க்குமா?"

"சமையல் நிகழ்ச்சி பார்க்கும்," என்றாள் பெர்னடீன்.

"பாத்தீங்களா."

டெல்மர் சோபா திண்டுக்குள்ளிருந்து பேசினார். "ராய்ஸ், அத ஊசி போட்டுக் கொல்லப் போறாங்கய்யா."

எல்லோருக்கும் கிரேவியைப் பிடிக்கும். ஒவ்வொரு சங்கக் கூட்டத்திலும் அது எல்லோர் மடியிலும் தலைவைத்து எச்சில் ஒழுகவிட்டிருக்கிறது. ராய்ஸ் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். "எங்க பிரார்த்தனை அதுகூடவும் இருக்கு," என்றார். போகும்போது, துப்பாக்கியைப் பற்றி வெள்ளிக்கிழமை ஏடாகூடமாக எதுவும் சொல்லிவிட வேண்டாம் என்று நினைவுபடுத்திவிட்டுப் போனார்.

மறுநாள் ஓபல் ஸ்ட்ராட்டன் வந்தார். கையில் சீஸும் உருளைக்கிழங்கும் அடுக்கி வேகவைத்த கண்ணாடித் தட்டு. அவர் டெல்மருக்கு ஐந்தாம் வகுப்பு எடுத்த டீச்சர். துப்பாக்கிக் கட்டுப்பாடு வேண்டும் என்று மாவட்டத்தில் சங்கம் நடத்துகிறவர். யாரும் பெரிதாக மதிக்காத அந்தச் சங்கத்தில் அவரையும் சேர்த்து ஐந்தாறு பேர். செத்துப்போன வேய்ன் அவருடைய தம்பி.

"உட்காருங்க டீச்சர்."

"நீயும் உட்காருன்னு சொல்ல ஆசைதான்," என்று ஓபல் நாற்காலியில் அமர்ந்தார். "டெல்மர், ஒரு கணக்கு கேக்கறேன். அந்த இடத்துல துப்பாக்கி இல்ல. கிரேவி அதே மாதிரி தாவி, அதே இடத்துல காலை வைக்குது. என்ன ஆயிருக்கும்?"

டெல்மருக்கு ஐந்தாம் வகுப்பில் நிற்பதுபோல இருந்தது. நேர்மையாக யோசித்தார். "சாண்ட்விச் நசுங்கியிருக்கும்."

"இத வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்லு. இது துப்பாக்கிச் சம்பவம்னு ஆயிரும். நாய விட்டுருவாங்க."

"சங்கத்துல நான் தலை காட்ட முடியாது டீச்சர்."

"இப்ப மட்டும் தலையையா காட்டிட்டிருக்க?"

டெல்மர் சிரித்துவிட்டார், சிரித்தது காயத்தில் வலித்தது. ஓபல் சிரிக்கவில்லை. தட்டின் மூடியைச் சரிசெய்துகொண்டே சொன்னார்:

"வேய்ன நீ பாத்திருக்கேல்ல. அவன வாகன நிறுத்தத்துல சேத்திருக்காங்க. அவன் வண்டிய சரியாத்தான் நிறுத்துவான். கல்லறைக்குப் போனாக்கூட எனக்கு அந்த மஞ்சள் கோடுதான் கண்ணுல நிக்குது. அந்தப் பூஜ்யம் ஒரே ஒரு தடவ உடைஞ்சா போதும்ப்பா. அப்புறம் அவனையும் எடுத்துத் துப்பாக்கிக் கட்டத்துல வைக்கச் சொல்லிக் கேப்பேன்."

வேய்னும் டெல்மரும் ஒரே பள்ளிக்கூடப் பேருந்தில் போனவர்கள்.

"சொல்றேன் டீச்சர்," என்றார்.

வெள்ளிக்கிழமை அரங்கம் நிரம்பிவிட்டது. கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே மேசை போட்டு மாவட்டக் குழுத் தலைவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கார்வின். சாட்சிப் பொருளான துப்பாக்கியோடு ஷெரீப் வான்டா. கிரேவியைக் கயிற்றில் கட்டி மேசைக் காலில் பிணைத்திருந்தார்கள். டெல்மரைக் கண்டதும் அது வாலால் மேசையை ஓங்கி ஓங்கி அடித்தது. கார்வின் எழுதிய வரி கோணலாகப் போனது.

"திரு. ஹக்கின்ஸ், உங்களைச் சுட்டது எது?" என்று கேட்டார் தலைவர். "உட்கார்ந்தே பதில் சொல்லலாம்."

டெல்மர் நின்றார். ஓபல் முதல் வரிசையில் கைகளைக் கோத்துக்கொண்டு இருந்தார். சங்கத்து ஆட்கள் தொப்பியோடு பின்வரிசையில். டெல்மர் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"என்னச் சுட்டது," என்றார், "வந்து... அந்தத் துப்பா—"

"ஒரு நிமிஷம்," என்று ராய்ஸ் பெக்கம் எழுந்தார். "கிரேவி சார்பில் நான் வாதாட அனுமதி வேணும்."

டெல்மருக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்பதை நினைத்து அவரே பின்னால் வெட்கப்பட்டார். அப்போது வெட்கப்படவில்லை. வாயை மூடிக்கொண்டார்.

"நம்ம மாநிலத்துச் சட்டம் என்ன சொல்லுது?" என்றார் ராய்ஸ். "ஒருத்தர் தன்னோட இடத்துல இருக்கார். இன்னொருத்தர் அத்துமீறி வர்றார். இவர் பின்வாங்க வேண்டியதில்ல. சுடலாம். இப்ப கேக்கறேன். கிரேவி எங்க தூங்கும்?"

"பின்தட்டுல," என்றார் டெல்மர்.

"அப்ப பின்தட்டு அதோட இடம். சாண்ட்விச் யாரோடது?"

"என்னோடது."

"இல்ல," என்று பெர்னடீன் எழுந்தாள். "நான் ரெண்டு கட்டிக் குடுத்தேன். ஒண்ணு இவருக்கு, ஒண்ணு கிரேவிக்கு. எப்பவும் அப்படித்தான். இவர் அவரோடத வழியிலேயே தின்னிருப்பார்."

அரங்கத்தில் சலசலப்பு எழுந்தது.

"வழியிலேயே தின்னீங்களா, டெல்மர்?" ராய்ஸ் மெதுவாகக் கேட்டார்.

"தின்னேன்."

"அப்ப மிச்சம் இருந்தது?"

"கிரேவியோடது."

"பின்புறத்தைக் காட்டிக்கிட்டு, நோக்கத்தை மறைச்சு, அந்தச் சாண்ட்விச்ச நெருங்கினீங்க. அதுல ஒரு கடி கடிக்கிற எண்ணம் உங்க மனசுல இருந்துச்சா இல்லையா? கிரேவியோட உயிர் உங்க பதில்ல இருக்கு."

டெல்மர் கிரேவியைப் பார்த்தார். அது உலகத்தில் எல்லோரையும் நேசிக்கிற கண்களால் அவரைப் பார்த்தது.

"ஒரு கடி," என்றார் டெல்மர். "சின்னக் கடிதான்."

பின்வரிசையில் ஒரு பெண்மணி கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

தீர்ப்பு ஒருமனதானது. கிரேவி தன் இருப்பிடத்தையும் உடைமையையும் சட்டப்படி காத்துக்கொண்டது, எனவே குற்றமற்றது. துப்பாக்கி தானாகச் சுடவில்லை, எனவே குற்றமற்றது. நியாயமான தற்காப்பு வன்முறையாகாது. எனவே எந்தக் கட்டத்திலும் வராது. பூஜ்யத்துக்கும் பங்கமில்லை. ஆனால் காயம் உண்டு, காயத்துக்குக் குற்றவாளி வேண்டும். மீதியிருந்தவர் டெல்மர் மட்டும்தான். சொந்த வீட்டு உறுப்பினரை அச்சுறுத்தியவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று சட்டத்தில் இருக்கிறது. வான்டா அதை வருத்தத்தோடு வாசித்துக் காட்டினார்.

"துப்பாக்கிய என்ன செய்வீங்க? உருக்கிருவீங்கல்ல?" என்று ஓபல் எழுந்து கேட்டார்.

"உருக்க மாநிலச் சட்டம் விடாது டீச்சர். பாதிக்கப்பட்ட வீட்டு உறுப்பினர் கிட்டதான் ஒப்படைக்கணும்."

"பெர்னடீன் கிட்டயா?"

"அவங்க சாண்ட்விச் யாரும் எடுக்கலியே," என்றார் வான்டா.

துப்பாக்கி கிரேவியின் இடமாகிய பின்தட்டில் வைக்கப்பட்டது. சாட்சிப் பொருளைப் பெற்றுக்கொண்ட நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்பது விதி. பெற்றுக்கொண்ட நிலையில் அதில் தோட்டாக்கள் இருந்தன. அது ஒன்று சுட்டதும் அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். இறக்கிவிடலாமே என்று பெர்னடீன் கேட்டாள். உரிமையாளரின் சம்மதமில்லாமல் தொட முடியாது என்றார்கள். உரிமையாளரிடம் கேட்டுப் பார்த்தார்கள். வாலை ஆட்டியது. அது சம்மதமா மறுப்பா என்று திட்டவட்டமாகச் சொல்ல முடியாத நிலையில், சந்தேகத்தின் பலன் கிரேவிக்கு வழங்கப்பட்டது.

மறுநாள் இரண்டு சங்கங்களும் வெற்றியை அறிவித்தன. துப்பாக்கி உரிமை இன்னொரு இனத்துக்கும் விரிவடைந்தது என்று ராய்ஸ் பேசினார். மாவட்டச் சரித்திரத்தில் முதன்முறையாக ஒருவரிடமிருந்து துப்பாக்கி பறிக்கப்பட்டது என்று ஓபலின் சங்கத்துக்காரர்கள் பூசணிக்காய் கேக் வெட்டிக் கொண்டாடினார்கள். ஓபல் மட்டும் தம் துண்டைத் தட்டில் வைத்துக்கொண்டு தின்னாமல் இருந்தார். வழியில் டெல்மரைப் பார்த்தபோது, "சொல்றேன்னு சொன்னியேப்பா," என்றார். டெல்மர் தொப்பியைத் தொட்டுவிட்டு எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு கிரிக்ஸ்பியில் பண்பாடு கண்ணுக்குத் தெரிய வளர்ந்தது. டெல்மர் கடைத்தெருவில் வண்டியை நிறுத்தினால், பின்தட்டில் கிரேவி எழுந்து உட்காரும். அந்த வழியாகச் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு போகிறவர்கள் நின்று, வணக்கம் சொல்லி, பொட்டலத்தைப் பிரித்து மரியாதையாக நீட்டினார்கள். ராய்ஸ் தினம் ஒரு சாசேஜ் கொடுத்தார். கார்வின் தம் மதியச் சாப்பாட்டையே இரண்டாகக் கட்டிவரச் சொன்னார். சிறியோர் பெரியோரை மதிக்கும் போக்கு உயர்ந்துள்ளதாக அறிக்கையிலும் எழுதினார். கிரேவி இன்னும் தடித்தது. தடிக்கத் தடிக்க, அது புரண்டு படுக்கும்போதெல்லாம் தெருவே கொஞ்சம் அசையாமல் நின்றது.

புதுப் பலகையைத் திறந்துவைக்கும் நாள் வந்தது. நெடுஞ்சாலை ஓரப் புல்வெளியில் மாவட்டமே கூடியிருந்தது. மேகமில்லாத நீல வானம். மாநிலத் தலைநகரிலிருந்து பத்திரிகைப் புகைப்படக்காரர் ஒருவர் வந்திருந்தார். திரையை விலக்கியதும், வெயிலில் பளபளவென்று ஆள் உயரப் பூஜ்யம் நின்றது. கார்வினுக்குக் கண் கலங்கியது. டெல்மரின் வண்டி கூட்டத்துக்குப் பின்னால், பலகையைப் பார்த்தபடி பின்தட்டு இருக்க, நிழலில் நின்றது. அந்த ஊரில் யாரும் இப்போதெல்லாம் அந்த வண்டிக்கு நிழலான இடத்தை மறுப்பதில்லை.

எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், சமையலைத் தவிர. விருது விருந்துக்காகத் தேவாலயத்துப் பெண்கள் ஒரு முழுப் பன்றித்தொடையைச் சுட்டுக் கொண்டுவந்து, பலகைக்குக் கீழே இருந்த மேசையில் வைத்து, மூடியைத் திறந்தார்கள். காற்று பலகைப் பக்கமிருந்து வண்டிப் பக்கமாக அடித்தது.

பின்தட்டில் கிரேவி எழுந்து நின்றது.

முதலில் பார்த்தவர் டெல்மர். அவர் சத்தம் போடவில்லை, குப்புறப் படுத்தார். அவருக்கு அது பழகிய நிலை. அவர் படுத்ததைப் பார்த்து ராய்ஸ் படுத்தார். பிறகு வான்டா, குழுத் தலைவர், தேவாலயத்துப் பெண்கள், சங்கங்கள் இரண்டும். கொஞ்ச நேரத்தில் கிரிக்ஸ்பி மாவட்டம் முழுவதும் புல்லில் முகத்தைப் புதைத்துக் கிடந்தது. டெல்மருக்குப் பக்கத்தில் வந்து விழுந்தவர் ஓபல் டீச்சர்.

கிரேவி ஒரு கால் முன்வைத்தது.

வெடித்த சத்தம் சோளக்காடு தாண்டி எதிரொலித்தது. பூஜ்யத்தின் நட்டநடுவில், ஏற்கெனவே ஒன்றும் இல்லாத இடத்தில், வானம் தெரிகிற மாதிரி பொத்தல் விழுந்தது. கிரேவி குதித்திறங்கி, படுத்துக் கிடந்தவர்களின் முதுகுகள்மேல் ஏறி ஓடி, பன்றித்தொடையை அடைந்தது.

கார்வின் புல்லுக்குள்ளிருந்தே குரல் கொடுத்தார். "ஆலங்கட்டி."

"ஆலங்கட்டிதான்," என்றார் ராய்ஸ்.

"ஆலங்கட்டி," என்று ஓபலின் சங்கத்துக்காரர்களும் அங்கங்கே முணுமுணுத்தார்கள். விருந்து இன்னும் மிச்சமிருந்தது.

ஓபல் முகத்தைத் திருப்பினார். மூக்கு நுனியில் ஒரு புல் ஒட்டியிருந்தது. "டெல்மர்," என்றார் தணிந்த குரலில். "இப்பவாவது சொல்லு. என்ன சத்தம் அது?"

டெல்மர் வண்டியைப் பார்த்தார். பின்கதவில் அவருடைய கொட்டை எழுத்துக்கு மேலே லேசாகப் புகை போய்க்கொண்டிருந்தது. பிறகு தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தார். இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை நிதானமாகப் பார்த்தார்.

"மேகம் ஒண்ணும் காணோமே டீச்சர்," என்றார்.

அதற்குமேல் அவரால் முடியவில்லை. ஓபல் கையை நீட்டி அவர் முழங்கையை இரண்டு தட்டு தட்டினார். ஐந்தாம் வகுப்பில் கணக்கைப் பாதி சரியாகப் போட்டால் அப்படித் தட்டுவார்.

அந்த நேரத்தில்தான், விவரம் தெரியாமல் நின்றுகொண்டிருந்த வெளியூர்ப் புகைப்படக்காரர், அழகான காட்சி என்று படமெடுத்துக்கொண்டார். மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில், பொத்தல் விழுந்த பூஜ்யத்தின் கீழே, மாவட்டமே மண்ணில் முகம் பதித்துக் கிடக்கும் அந்தப் படம் வந்தது. கீழே எழுதியிருந்தது: 'மாநிலத்தின் மிக அமைதியான மாவட்டத்து மக்கள், பிரார்த்தனையில்.'